இனிஷியல்கள் போன இடம்: நடிகையும் ‘கண்டுபிடிப்பு’ என்னும் கதையும்

1

தமிழ் சினிமா குறித்த நம் பேச்சிலும் எழுத்திலும் நடிகை என்பவள் எப்போதும் யாரோ ஒருவரால் ‘கண்டுபிடிக்கப்படுகிறாள்’. நடிகனைக் குறித்து இந்தச் சொல் இவ்வளவு தாராளமாகப் புழங்குவதில்லை. அவன் ‘கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவன்’. பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாரிடம் அடிவாங்கிப் பாடம் படித்தவன், பட்டினி கிடந்தவன், ஸ்டுடியோ வாசலில் கால்கடுக்க நின்றவன். அவன் கதைக்கு நீண்ட முன்பகுதி உண்டு. நடிகையின் கதையோ ஒரு கணத்தில் தொடங்கிவிடுகிறது. ‘ஒரு பொண்ணு காபி கொண்டாந்து வச்சா, டைரக்டர் பாத்தாரு, அவ்வளவுதான், மறுபடத்துல ஹீரோயின்.’ அந்தக் கணத்துக்கு முன்னால் அவள் யார், என்ன கற்றாள், யாரிடம் கற்றாள் என்பதற்கெல்லாம் இந்தக் கதையில் இடமில்லை.

இதைச் சும்மா சுவைக்காகச் சொல்லப்படும் துணுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ‘கண்டுபிடிப்பு’ என்கிற இந்தக் கதையாடல் ஒரே சமயத்தில் இரண்டு காரியங்களைச் செய்கிறது. பார்க்கப்பட்டவளின் முன்வரலாற்றைத் துடைத்துப்போடுகிறது. பார்த்தவனுக்கு அவள் மீது ஓர் உரிமையை எழுதித்தருகிறது. கொலம்பஸ் அமெரிக்காவைக் ‘கண்டுபிடித்தான்’ என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அங்கே ஏற்கனவே மனுசர்கள் இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இந்த உரிமைப் பத்திரம் எப்போது, எப்படி எழுதப்பட்டது என்பதைச் சில நடிகைகளின் வாழ்க்கைகளை வைத்துப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

2

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆரம்பகால நடிகைகளின் பெயர்களைப் பாருங்கள். கே.பி. சுந்தராம்பாள். எம்.எஸ். சுப்புலட்சுமி. டி.ஆர். ராஜகுமாரி. நாம் ஒரு மூச்சில் சொல்லிக் கடந்துபோகும் இந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன? கொடுமுடி பாலாம்பாள். மதுரை சண்முகவடிவு. தஞ்சாவூர் ரங்கநாயகி. முதல் எழுத்து ஊர்; இரண்டாவது எழுத்து அம்மா.

தகப்பன் பெயரே இனிஷியலாகிப்போன ஒரு சமூகத்தில் இந்தப் பெண்கள் தாயின் பெயரைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சண்முகவடிவு வீணைக் கலைஞர். ராஜகுமாரியின் பாட்டி குஜலாம்பாள் தஞ்சாவூரில் பேர்பெற்ற பாடகி. இசை, நடனம் என்கிற தொழில் தாயிடமிருந்து மகளுக்கு, பாட்டியிடமிருந்து பேத்திக்கு என்று இறங்கிவந்த வீடுகள் இவை. அந்த வீடுகளில் சொத்தும் பெண்வழியே நடந்தது. இனிஷியல் என்பது இங்கே வெறும் அடையாளமன்று; ‘நான் எந்தப் பட்டறையிலிருந்து வருகிறேன்’ என்கிற சான்றிதழ்.

இந்த வரிசையில் சினிமாவுக்கும் முந்தைய பெயர் ஒன்று உண்டு: கும்பகோணம் பாலாமணி அம்மாள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பெண்களே நடிக்கும் நாடகக் கம்பெனி ஒன்றை வைத்து நடத்தியவர். நடிகை மட்டுமல்ல, முதலாளியும் அவரே. அவருடைய நாடகத்தைப் பார்க்கவென்றே கும்பகோணத்துக்குத் தனி ரயில் விடப்பட்டதாக நாடக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று சனங்கள் அதற்குப் பேரும் வைத்தார்கள். இந்த இடத்தில் யார் யாரைக் கண்டுபிடித்தார்கள்? ஊர்தான் ரயிலேறி அவரிடம் போயிருக்கிறது.

இதே காலத்தில், 1891இல், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவைத் தொடங்குகிறார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக, கௌரவமாக, காசு வாங்காமல் நடித்த சபை. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். காசு வாங்காமல் நடித்தால் கலை. காசு வாங்கி நடித்தால் கூத்து. காசு வாங்கி ஒரு பெண் நடித்தால் அதற்கு நம் மொழியில் இருக்கும் வசைச்சொல் நமக்குத் தெரியும். நடிகை ‘கண்டுபிடிக்கப்பட’ வேண்டியவளாக ஆனதற்கான முதல் நிபந்தனை இங்கே உருவாகிறது. மேடையின் மரியாதை அவளிடமிருந்து எடுக்கப்பட்டு வேறொருவர் கையில் கொடுக்கப்பட்டாயிற்று. இனி அவள் அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

3

டி.பி. ராஜலட்சுமியின் கதை இதிலிருந்து வேறுபட்டது. அவரது இனிஷியல் தந்தையுடையது: திருவையாறு பஞ்சாபகேசன். 1911இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைமணம் செய்துவைக்கப்பட்டு, அந்த மணம் முறிந்து, தகப்பனாரும் இறந்துபோக, தாயோடு திருச்சிக்கு வந்து சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அன்றைய அக்ரகாரத்துப் பெண் ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய தாண்டல் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ‘வயித்துப்பாட்டுக்கு வந்தவ’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள், வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழிகளும் இருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர் இதைத்தான் தேர்ந்துகொண்டார்.

1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படம் என்று கணக்கில் இருக்கிறது. பம்பாயில் எடுக்கப்பட்டது, இயக்கியவர் எச்.எம். ரெட்டி. அந்தப் படத்தில் எல்லாரும் தமிழ் பேசவில்லை. கதாநாயகன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பேசினார். தமிழ் சினிமாவின் முதல் தமிழ்க் குரல் என்று நாம் கொண்டாடுவது பெரும்பகுதி ஒரு பெண்ணின் குரலைத்தான். அந்தப் படத்தில் கதைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் போற்றும் பாட்டும் வரும். சம்பந்தமில்லை என்பது நம் இன்றைய வாசிப்பு. நாடக மேடையில் தேசியப் பாட்டுப் பாடிப் பேர் வாங்கியிருந்த நடிகை, தன் மேடையையே படத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்றும் அதை வாசிக்கலாம். கேமரா அவரைக் கண்டுபிடிக்கவில்லை. வந்து புகுந்த கேமராவுக்கு முன்னால் அவர் தன் சரக்கை இறக்கிவைத்தார்.

ஐந்தே ஆண்டுகளில், 1936இல், தான் எழுதிய ‘கமலவல்லி’ நாவலைத் தானே ‘மிஸ் கமலா’ என்று படமாக எடுத்தார். கதை, இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவரே. தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். இது பின்னால் வந்த சினிமா சரித்திரங்களில் பல நேரம் ஒரு வரித் தகவலாக, ‘முதல்’ என்கிற முத்திரையோடு முடிந்துபோகிறது. ‘முதல்’ என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஏன் அந்த வரிசை நீளவில்லை என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா? பட்டம் கொடுத்து வாயை அடைப்பது நமக்குப் பழக்கமான வித்தைதான்.

4

சுந்தராம்பாளுக்கும் ஒரு ‘கண்டுபிடிப்பு’க் கதை உண்டு. ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைச் சிறுமி, ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேசய்யரின் காதில் விழுகிறார். அவர் வழியாக வேலு நாயர் கம்பெனிக்குப் போகிறார். கவனியுங்கள், இங்கே கண்ணில் படவில்லை, காதில் விழுகிறார். இந்த வித்தியாசம் முக்கியமானது. குரலைக் கண்டெடுத்தவன் அதற்கு உரிமை கொண்டாடுவது கஷ்டம். குரல் அவளோடே இருக்கும். அவள் திறந்தால்தான் வாய் திறக்கும்.

1926இல் கொழும்பில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையேறினார். அடுத்த ஆண்டு திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மனைவி உண்டு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை; சுந்தராம்பாள் அவரினும் இளையவர். அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. இதுவரை எல்லோரும் இதைப் பதிபக்தியின் காவியமாகவே எழுதிவந்திருக்கிறார்கள். அந்தத் துயரத்தைச் சந்தேகிக்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனால் அந்தத் துயரம் தொழிற்களத்தில் என்னவாக வேலை செய்தது என்று கேட்கலாம்.

விதவைக் கோலம் என்பது ஒரு பெண்ணைத் தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும், வீட்டுக்குள் பின்கட்டுக்கும் தள்ளுவதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட ஒன்று. சுந்தராம்பாள் அதே கோலத்தோடு காங்கிரஸ் மேடைகளுக்கு வந்தார், சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார், சினிமாவுக்கும் வந்தார். ‘ஜோடியாக நடிக்க மாட்டேன்’ என்பது அவர் வாயிலிருந்து வந்த விரதம்; தயாரிப்பாளர் பக்கமிருந்து பார்த்தால் அது ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து. 1935இல் வெளியான ‘நந்தனா’ரில் அவர் ஆண் வேடம் கட்டினார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய் என்பது சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்பப் பதிவாகிவரும் செய்தி. படம் ஓடவில்லை. ஆனால் ஒரு பெண் தன் நிபந்தனையையும் தன் விலையையும் தானே சொல்லி, அதற்கு மறுபக்கம் தலையாட்டியது என்கிற உண்மை மிச்சமிருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அவர் நடித்த வேடங்களை வரிசையாகச் சொல்லிப்பாருங்கள்: நந்தனார், மணிமேகலை (1940), ஔவையார் (1953), ‘பூம்புகா’ரில் (1964) கவுந்தியடிகள். ஒரு பறையர் பக்தன், ஒரு பிக்குணி, ஒரு கிழவி, ஒரு சமணத் துறவி. எல்லோரும் காமத்தின் எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள். நடிகைக்கு மரியாதை வேண்டுமானால் உடல் இல்லாதவளாக வேண்டும் என்கிற பேரம் இதில் தெரிகிறது. அதே ஔவை வேடத்தை நாடக மேடையில் கட்டிய டி.கே. சண்முகத்துக்கு அது ‘அவ்வை சண்முகம்’ என்று பட்டமாக ஒட்டிக்கொண்டது. ஆண் பெண்ணாக நடித்தால் அது அவன் திறமை. பெண்ணுக்கோ அவள் வேடமே அவள் ஒழுக்கத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். 1958இல் சுந்தராம்பாள் சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினரானார். அங்கேயும் அந்த வெள்ளைப் புடவைதான் கூடப் போனது.

5

இனி, காபி கொண்டுவந்த பெண்.

கே. சுப்பிரமணியம் ஒரு நடிகை தேடி எஸ்.பி.எல். தனலட்சுமியின் வீட்டுக்குப் போனார். அங்கே கறுப்பாக ஒரு பெண் வந்துபோவதைப் பார்த்தார். வேலைக்காரப் பெண் என்றுகூட நினைத்தார். பிறகு அவளையே ‘கச்ச தேவயானி’யில் (1941) கதாநாயகியாக்கினார். டி.ஆர். ராஜகுமாரியின் ‘கண்டுபிடிப்பு’ இப்படித்தான் பலவிதமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதை அழகானதுதான். ஆனால் அது யார் வீடு? தனலட்சுமி அந்தக் காலத்துத் திரைப்பட நடிகை, ராஜகுமாரியின் சித்தி முறை. பாட்டி குஜலாம்பாளைப் பற்றி முன்பே சொன்னோம். 1922இல் பிறந்து ராஜாயி என்று பெயரிடப்பட்ட அந்தப் பெண் பாட்டும் கூத்தும் பேச்சாக இருந்த வீட்டில் வளர்ந்தவர். இயக்குநர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியதே அது கலைஞர்களின் வீடு என்பதால்தான். பட்டறைக்குப் போய்ப் பட்டறையில் வார்த்த ஒன்றை எடுத்துவந்துவிட்டு, வழியில் கிடந்தது என்று சொல்வது மாதிரி இருக்கிறது இது.

சுப்பிரமணியத்தைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ‘பாலயோகினி’, ‘சேவாசதனம்’, ‘தியாகபூமி’ எடுத்தவர் அவர். தனிமனிதரின் நல்லது கெட்டது அல்ல பிரச்சினை. கதை சொல்லப்படுகிற விதம். அந்தக் கதை உருவான காலத்தையும் பார்க்க வேண்டும். 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவருகிறார். 1947இல் சட்டம் முழுமையாக வருகிறது. இந்த இருபது ஆண்டுகளில்தான் அந்த வீடுகளின் பெண்கள் கோயிலையும் மிராசுதாரையும் விட்டு கிராமபோன் கம்பெனிக்கும் ஸ்டுடியோவுக்கும் இடம்பெயர்ந்தார்கள். பழைய தொழில் ‘அவமானம்’ என்று சட்டப்படியே ஆகிவிட்ட பிறகு, ‘நான் அங்கே கற்றுக்கொண்டேன்’ என்று எந்த நடிகை வாய்விட்டுச் சொல்ல முடியும்? முன்வரலாற்றை மறைப்பதில் பார்த்தவனுக்கு மட்டுமல்ல, பார்க்கப்பட்டவளுக்கும் தேவை இருந்தது. ‘கண்டுபிடிப்பு’க் கதை இருவரும் சேர்ந்து போர்த்திக்கொண்ட போர்வை.

அந்த வீடுகளை நாம் புனிதமாக்கிவிடவும் கூடாது. அவற்றுக்குள்ளிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். அங்கே பெண்ணுக்குத் தொழில் இருந்தது, சொத்து இருந்தது; தன் உடம்பின் மேல் தீர்மானம் இருந்ததா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி அப்படியே ஸ்டுடியோவுக்கும் பொருந்தும்.

ராஜகுமாரி இதை எப்படிக் கையாண்டார்? ‘ஹரிதாஸ்’ (1944) மூன்று தீபாவளி கண்டது. ‘சந்திரலேகா’ (1948) அவரை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னை தியாகராய நகரில் தன் பெயரிலேயே ‘ராஜகுமாரி’ தியேட்டரைக் கட்டினார். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கினார், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954) அந்த நிறுவனத்தின் படம். பார்க்கப்படுகிறவளாக இருந்தவர், பார்ப்பதற்கான இடத்தையே விலைக்கு வாங்கினார். ஜனங்கள் டிக்கெட் எடுத்து உட்கார்ந்த நாற்காலி அவருடையது. அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. 1999இல் அவரும் மறைந்தார். காபி டம்ளர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

6

1940களுக்குப் பிறகு நடிகையைத் தேடும் இடம் மாறுகிறது. 1930களில் சதிர் ‘பரதநாட்டியம்’ என்று பெயர்மாற்றம் பெற்று, 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்டு, மேல்சாதி வீட்டுப் பெண்கள் அதைக் கற்க ஆரம்பித்தார்கள். இனி தாசி வீட்டுக் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. சபாவுக்குப் போனால் போதும். வைஜயந்திமாலாவை எம்.வி. ராமன் பார்த்தது கோகலே ஹாலில் அவர் ஆடியபோது. 1949இல் ஏவி.எம்மின் ‘வாழ்க்கை’ வெளிவந்தது. இங்கேயும் ‘கண்டுபிடிப்பு’தான். ஆனால் இந்தக் கதையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இவருடைய நடனப் பயிற்சி மறைக்கப்படவில்லை, பெருமையாகச் சொல்லப்படுகிறது. அரங்கேற்றம், குரு, குடும்பத்தின் அனுமதி, பாட்டியின் காவல், எல்லாமே கதைக்குள் இருக்கின்றன. அதே அடவு, அதே முத்திரை. ஒரு வீட்டில் கற்றால் மறைக்க வேண்டியது, இன்னொரு வீட்டில் கற்றால் அழைப்பிதழில் அச்சடிக்க வேண்டியது. கலை அல்ல, முகவரிதான் மாறியிருக்கிறது.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாதை இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது. ‘சேவாசதனம்’ (1938) தொடங்கி ‘மீரா’ (1945) வரை தமிழில் நாலே படங்கள். ‘சாவித்திரி’யில் (1941) நாரதராக நடித்து அவர் சம்பாதித்த பணம் ‘கல்கி’ பத்திரிகையின் மூலதனமாயிற்று. தமிழின் மிகப் பெரிய வெகுஜன வாசிப்புக் கலாசாரங்களில் ஒன்று ஒரு நடிகையின் சம்பளத்தில் முளைத்தது. பத்திரிகையின் சரித்திரம் ஆசிரியரையும் நிறுவனரையும் சொல்லிப் போகும். கூலியைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் அது ‘உதவி’ என்றாகும். சினிமாவை விட்டு அவர் போனது உயர்வாகவே பார்க்கப்படுகிறது. நடிகை என்பதிலிருந்து விலகிச் செல்லச் செல்ல மரியாதை கூடிக்கொண்டே போவது நம் கவனத்துக்குரியது. ஆனாலும் கடைசிவரை அவர் பெயரில் நின்ற இரண்டு எழுத்துகள் மதுரையும் சண்முகவடிவும்தான்.

7

ராஜகுமாரியின் குடும்ப வழியில் வந்தவர்களே ஜோதிலட்சுமியும் ஜெயமாலினியும். அதே குடும்பம், முப்பது ஆண்டு இடைவெளி. ஒருவர் கதாநாயகி, தியேட்டர் முதலாளி. மற்றவர்களுக்கு ஒரு பாட்டுக்கான ஆட்டம். கதாநாயகியின் இடம் ‘குடும்பப் பெண்’ணுக்கு என்று ஒதுக்கப்பட்ட பிறகு, உடல் என்பது தனித் துறையாகப் பிரிக்கப்பட்டுவிட்டது.

அந்தத் துறையின் உச்சத்தில் நிற்பவர் ஸ்மிதா. ஆந்திரத்தின் ஏலூர்ப் பக்கத்திலிருந்து வந்த விஜயலட்சுமி. ‘வண்டிச்சக்கரம்’ (1980) படத்துக்காக வினு சக்ரவர்த்தி அவரை மாவு மில் அருகே பார்த்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. முன்னே காபி, இப்போது மாவு மில். பெண் வீட்டுவேலையில் இருக்கும்போதுதான் கண்ணில் படுவாள் போலிருக்கிறது. அவர் அதற்கு முன்பே நடிகைகளுக்கு ஒப்பனை உதவியாளராக இந்தத் துறைக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். மலையாளத் திரையுலகிலும் அவரைக் கண்டெடுத்த உரிமை கோரப்படுவதுண்டு. ஒருத்தியை எத்தனை பேர்தான் கண்டுபிடிப்பது?

அந்தப் படத்தில் அவர் நடித்த பாத்திரத்தின் பெயர் ‘சிலுக்கு’. அது அவர் பெயரின் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர் இருந்த இடத்தில், அம்மா இருந்த இடத்தில், இப்போது கண்டெடுத்தவர்கள் கொடுத்த ஒரு வேடம். 1996 செப்டம்பரில் அவர் இறந்தபோது, அவர் படங்களால் கல்லா நிறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, அவர் உடம்பைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. சொந்தமாகப் படம் எடுத்து அவர் கையைச் சுட்டுக்கொண்டது ஒரு முட்டாள்தனமாகச் சொல்லப்பட்டது. ராஜலட்சுமியும் ராஜகுமாரியும் செய்ய முயன்றதைத்தான் அவரும் செய்ய முயன்றார். சாவித்திரி ‘பிராப்த’த்தில் (1971) தோற்றதும் இதே முயற்சியில்தான். நடிகர்கள் படமெடுத்து நஷ்டப்பட்டால் அது தியாகம். நடிகைகளுக்கு அது பாடம்.

கேரளத்தில் 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை, அரசிடம் ஒப்படைக்கப்பட்டு நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் பல பகுதிகள் நீக்கப்பட்டு வெளிவந்தது. ‘அட்ஜஸ்ட்மெண்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்கிற இரண்டு சொற்கள் அங்கே தொழில்மொழியாகவே புழங்குவதை அது பதிவு செய்தது. நம் பக்கம் அந்தச் சொற்கள் புரியாதவர்கள் யாருமில்லை. ‘சான்ஸ் குடுத்தேன்ல’ என்கிற வாக்கியத்தில் இருக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், காபி டம்ளர் கதையிலிருந்து வருகிறது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்க்காவிட்டால் நீ இல்லை. ஆகவே நீ எனக்குக் கடன்பட்டவள். ரசிகனாகிய நாம் சுவாரஸ்யமாகத் தலையாட்டிக் கேட்ட அந்தக் கதையின் வட்டிதான் பூட்டிய அறைகளுக்குள் வசூலிக்கப்படுகிறது.

நடிகைகளின் வரலாற்றை எழுதப் புகும் யாரும் இனி எந்தப் படத்தில், எந்த இயக்குநரால் என்று தொடங்க வேண்டியதில்லை. எந்த ஊர், அம்மா யார், அவர் என்ன தொழில் செய்தார், இவள் யாரிடம் பாடம் கேட்டாள், முதல் சம்பளத்தை எண்ணி வாங்கியது யார் கை என்று தொடங்கலாம். சுந்தராம்பாள் பெயரில் இருக்கும் ‘பி’ பாலாம்பாள் என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டுத் தெரிந்துகொண்டோம்? தெருவில் ஒட்டிய போஸ்டர்களில் தொண்ணூறு வருசமாக அந்த எழுத்து இருந்துகொண்டுதான் இருக்கிறது.